யாரைக் கேட்டு விற்றார்கள் அந்தப் பாட்டை?

1968. டோர்ஸ் குழுவின் பாடகர் ஜிம் மாரிசன் ஊரில் இல்லாத நேரத்தில் ப்யூக் கார் நிறுவனத்திடமிருந்து ஒரு கோரிக்கை வந்தது. முந்தைய ஆண்டு அமெரிக்க வானொலிகளில் ஓயாமல் ஒலித்த 'லைட் மை ஃபயர்' பாட்டைத் தங்கள் கார் விளம்பரத்துக்குத் தர முடியுமா என்று கேட்டார்கள். குழுவின் மற்ற மூவரும் சம்மதித்தார்கள். திரும்பி வந்து செய்தியறிந்த மாரிசன் கொதித்துப் போனார். அந்தக் காரை மேடையில் வைத்தே அடித்து நொறுக்குவேன் என்றார். விளம்பரம் நின்றுபோனது.

ரசிகர்கள் பெரும்பாலும் கதையை இந்த இடத்தில் முடித்துவிடுவார்கள். முடித்தால், பணத்துக்கு மசியாத ஒரு கலைஞனின் வீரக்கதை நமக்குக் கிடைக்கும். ஆனால் அந்தப் பாட்டின் பெரும்பகுதியை எழுதியவர் மாரிசன் இல்லை. கிட்டார் வாசித்த ராபி க்ரீகர். எழுதியவர் கொடுக்கலாம் என்றார், பாடியவர் கூடாது என்றார். இசைக்கலைஞர்கள் தங்கள் பாட்டை விளம்பரத்துக்குக் கொடுக்கலாமா என்ற கேள்வியைப் பல காலமாகக் கேட்டு வருகிறோம். அதற்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. கொடுப்பதா வேண்டாமா என்று சொல்ல வேண்டியவர் யார்? இந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் கிடைக்காமல் முதல் கேள்வியைத் தீர்க்கவே முடியாது என்பதுதான் என் எண்ணம்.

டோர்ஸ் குழுவினர் வருமானத்தை நான்கு சம பங்காகப் பிரித்துக்கொண்டார்கள். எந்த முடிவானாலும் நால்வரும் ஒப்ப வேண்டும். ஒருவர் வேண்டாமென்றால் அது வேண்டாம். 1971இல் பாரிஸில் மாரிசன் இறந்தார். முப்பது ஆண்டுகள் கழித்து கேடிலாக் கார் நிறுவனம் டோர்ஸ் பாட்டு ஒன்றுக்கு ஒன்றரைக் கோடி டாலர் வரை தர முன்வந்தது. டிரம்ஸ் கலைஞர் ஜான் டென்ஸ்மோர் மறுத்தார். 2003இல் குழுவின் பெயரை மற்ற இருவரும் பயன்படுத்துவதை எதிர்த்து அவரும் மாரிசனின் குடும்பமும் வழக்குத் தொடர்ந்தபோது, எதிர்வழக்கில் அவரிடம் கேட்கப்பட்ட இழப்பீடு 4 கோடி டாலர். விளம்பர வாய்ப்புகளுக்கு அவர் குறுக்கே நின்றார் என்பதும் குற்றச்சாட்டுகளில் ஒன்று. வழக்கில் டென்ஸ்மோர் பக்கமே வென்றது. 2013இல் இதையெல்லாம் ஒரு புத்தகமாகவும் எழுதினார்.

அவர் ஒன்றும் கறைபடாத துறவி இல்லை. 'ரைடர்ஸ் ஆன் த ஸ்டார்ம்' பாட்டை இங்கிலாந்தில் ஒரு டயர் விளம்பரத்துக்குக் கொடுக்க ஒருமுறை அவரும் ஒப்புக்கொண்டார். பிறகு மனம் கேளாமல் தன் பங்கை அறச்செயல்களுக்குக் கொடுத்துவிட்டார். அந்த உறுத்தல்தான் அடுத்தடுத்த மறுப்புகளுக்கு வலுவாக இருந்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. இந்தப் பாட்டுகளைக் கேட்டபடி காதலித்தவர்கள் இருக்கிறார்கள், வியட்நாமில் இவற்றைக் கேட்டபடி செத்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்பது அவருடைய வாதம். நான் டென்ஸ்மோர் பக்கம். விளம்பரம் தீண்டத்தகாதது என்பதால் இல்லை. நால்வரில் ஒருவர் இறந்த பிறகும் அவருடைய 'வேண்டா'வை உயிரோடு இருப்பவர் ஒருவர் சுமந்தார். அந்த வாக்குக்கு அவ்வளவு பணத்தை விலையாகக் கொடுக்கவும் தயாராக இருந்தார். கேடிலாக் விளம்பரத்தில் 2002இல் ஒலித்தது லெட் செப்பலினின் பாட்டு.

சட்டத்தின் கண்ணில் ஒரு பாட்டு இரண்டு சொத்து. சொல்லும் மெட்டும் சேர்ந்த படைப்பு ஒன்று. அதைப் பாடிப் பதிந்த ஒலிப்பதிவு மற்றொன்று. முதலாவது பெரும்பாலும் பாடல் வெளியீட்டு நிறுவனத்தின் கையிலும், இரண்டாவது இசைத்தட்டு நிறுவனத்தின் கையிலும் இருக்கும். படத்தோடு பாட்டைச் சேர்க்க 'சிங்க்' என்று தொழிலில் சொல்லப்படும் உரிமத்தை இரு தரப்பிடமும் வாங்க வேண்டும். பாடியவர், எழுதியவர், வாசித்தவர் ஆகியோரிடம் கேட்க வேண்டுமா என்பது அவர்கள் எப்போதோ, பெரும்பாலும் இருபது வயதில், போட்ட ஒப்பந்தத்தைப் பொறுத்தது.

1987இல் நைக்கி காலணி விளம்பரத்தில் பீட்டில்ஸின் 'ரெவல்யூஷன்' ஒலித்தபோது இந்த அமைப்பின் முழு உருவமும் வெளியே தெரிந்தது. பாட்டை எழுதிய ஜான் லெனன் 1980இலேயே கொல்லப்பட்டிருந்தார். லெனன்-மெக்கார்ட்னி பாடல்களில் பெரும்பாலானவை ஏடிவி என்ற வெளியீட்டு நிறுவனத்திடம் இருந்தன. அந்த நிறுவனத்தை 1985இல் 4 கோடியே 75 லட்சம் டாலருக்கு மைக்கேல் ஜாக்சன் வாங்கியிருந்தார். ஒலிப்பதிவு உரிமை கேப்பிட்டல்-இஎம்ஐ நிறுவனத்திடம் இருந்தது. இரண்டு இடத்திலும் நைக்கி முறைப்படி பணம் கட்டியது. லெனனின் மனைவி யோகோ ஓனோவுக்கும் எதிர்ப்பில்லை. ஆனால் பீட்டில்ஸின் சொந்த நிறுவனமான ஆப்பிள் கோர் ஒன்றரைக் கோடி டாலர் கேட்டு வழக்குத் தொடர்ந்தது. 1989இல் சமரசம் ஏற்பட்டது. வாங்கியவர்கள் திருடவில்லை, சட்டப்படிதான் நடந்தார்கள். ஆனாலும் அந்தப் பாட்டைப் பாடி, வாசித்து, உருவாக்கி, உயிரோடு இருந்த மூவருக்கு அதைத் தடுக்கும் வழி எளிதாகக் கிடைக்கவில்லை.

பாட்டைத்தான் வாங்க வேண்டும் என்றுகூட இல்லை. குரலை நகல் எடுத்தாலும் போதும். ஃபோர்டின் ஒரு கார் விளம்பரத்துக்குப் பாட பெட் மிட்லர் மறுத்தார். விளம்பர முகமை அவருடன் பின்பாட்டுப் பாடிய ஒருவரை அழைத்து, மிட்லரைப் போலவே பாடச் சொன்னது. பாட்டின் உரிமத்தை முறைப்படி வாங்கியிருந்தார்கள். பாடகியின் குரல் அவருடைய அடையாளம், அதை வேண்டுமென்றே போலி செய்வது தவறு என்று 1988இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. நடுவர் குழு அவருக்கு 4 லட்சம் டாலர் அளித்தது. அதே ஆண்டு டாம் வெயிட்ஸின் கரகரத்த குரலைப் போலச் செய்து ஒரு நொறுக்குத்தீனி விளம்பரம் வந்தது. அதற்கு மாதிரியாக எடுத்துக்கொண்ட 'ஸ்டெப் ரைட் அப்' விற்பனைக் கூச்சலைக் கிண்டல் செய்து 1976இல் அவர் பாடியது. விளம்பரங்களை வெளிப்படையாக வெறுத்த கலைஞர் அவர். ஏறத்தாழ 25 லட்சம் டாலர் இழப்பீடு கிடைத்தது. 1992இல் மேல்முறையீட்டிலும் தீர்ப்பின் பெரும்பகுதி நிலைத்தது. தன்னைப் பார்த்து நண்பர்கள் 'நீயுமா?' என்று கேட்கும் நிலை வந்துவிடுமே என்பதுதான் அவருடைய வேதனையின் சாரம். ஒரு கலைஞரின் பேச்சுக்கு அவருடைய வாழ்க்கை சாட்சியாக நிற்கிறது. குரல் போலி அந்தச் சாட்சியை அவருக்குத் தெரியாமலே பிறழச் செய்துவிடுகிறது.

இது பழங்கதை ஆகவில்லை. 2024இல் 'லால் சலாம்' படப் பாடல் ஒன்றில் மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களை ஏ.ஆர். ரஹ்மான் செயற்கை நுண்ணறிவின் துணையோடு கொண்டுவந்தார். குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று, அதற்கு ஊதியமும் கொடுத்ததாக அவரே அறிவித்தார். அதே ஆண்டு, எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் குரலைத் தங்களைக் கேட்காமல் அவ்விதம் உருவாக்கியதாக ஒரு தெலுங்குப் படக்குழுவுக்கு அவருடைய குடும்பம் நோட்டீஸ் அனுப்பியது. இரண்டும் சினிமா. நாளை ஒரு சோப்பு நிறுவனமோ நகைக்கடையோ இதைச் செய்ய விரும்பினால் தொழில்நுட்பம் தடையாக நிற்காது. கேட்டார்களா இல்லையா என்பது ஒன்றுதான் மிஞ்சும்.

விளம்பரம் பாட்டை என்னதான் செய்துவிடும் என்று கேட்பவர்களுக்கு என் அனுபவத்தைச் சொல்கிறேன். தூர்தர்ஷன் காலத்தில் வளர்ந்த என்னைப் போன்றவர்களுக்கு மொசார்ட்டின் 25ஆம் சிம்பொனி டைட்டன் கைக்கடிகாரத்தின் இசையாகத்தான் அறிமுகம். அழகான விளம்பரங்கள் அவை. யாரையும் ஏமாற்றவும் இல்லை. மொசார்ட்டின் இசைக்கு உரிமையாளர் என்று எவரும் கிடையாது. வெகுகாலம் கழித்து அந்த சிம்பொனியை முழுதாகக் கேட்க உட்கார்ந்தேன். சோகமும் பதற்றமும் நிறைந்த அந்தத் தொடக்கத்தைப் பதினேழு வயதுப் பையன் எழுதியிருக்கிறான். எனக்கு வந்து நின்றது பரிசுப் பெட்டியும் மணிக்கட்டும்தான். இன்றுவரை அந்தப் படங்களை விலக்கிவிட்டு அதை என்னால் கேட்க முடியவில்லை. பாட்டு கெட்டுப்போகவில்லை. எனக்கும் அதற்கும் நடுவில் ஒருவர் வந்து உட்கார்ந்துவிட்டார், எழுந்து போக மறுக்கிறார்.

இனி மறுதரப்பு. நிக் டிரேக் என்ற ஆங்கிலப் பாடகர் 1974இல் தன் 26ஆம் வயதில் இறந்தபோது அவருடைய இசைத்தட்டுகள் மிகக் குறைவாகவே விற்றிருந்தன. 1972இல் வந்த 'பிங்க் மூன்' என்ற சின்னஞ்சிறு பாட்டை, கால் நூற்றாண்டுக்கும் மேல் கழிந்தபின் ஃபோக்ஸ்வாகன் தன் கார் விளம்பரத்தில் பயன்படுத்தியது. நான்கு இளைஞர்கள் நிலவொளியில் காரில் போகிறார்கள். விருந்து நடக்கும் வீட்டு வாசல்வரை வந்துவிட்டு, உள்ளே போகாமல் மறுபடி சாலைக்கே திரும்புகிறார்கள். அவ்வளவுதான் விளம்பரம். அதன்பின் சில மாதங்களில் அமெரிக்காவில் விற்ற அவருடைய தட்டுகள் முந்தைய பல ஆண்டுகளின் விற்பனையை மிஞ்சின. அந்த விளம்பரம் இல்லாவிட்டால் டிரேக்கைக் கேட்காமலே வாழ்ந்து முடித்திருக்கக்கூடியவர்கள் லட்சக்கணக்கில் இருப்பார்கள். இதை நான் எளிதில் தள்ளிவிட மாட்டேன். கேட்கப்படாத பாட்டுக்குக் காது கிடைப்பது பெரிய விஷயம்.

பணமும் அப்படித்தான். இணையத்தில் ஒருவர் ஒருமுறை பாட்டைக் கேட்டால் கலைஞருக்கு வருவது ஒரு சென்ட்டின் ஒரு துண்டு. இசைத்தட்டு விற்றுப் பிழைத்த காலம் மலையேறிவிட்டது. வாடகை கட்ட முடியாத ஓர் இளம் குழுவுக்கு ஒரு பிஸ்கட் விளம்பரம் ஓராண்டு மூச்சுவிட இடம் தரும். அவர்களைப் பார்த்து விலைபோய்விட்டார்கள் என்று சொல்லும் உரிமை, மாதச் சம்பளம் வாங்கும் எந்த ரசிகருக்கும் இல்லை. பிரிட்டனின் சும்பாவம்பா குழு இதற்கு ஒரு வழி கண்டது. 2002இல் ஜெனரல் மோட்டார்ஸின் விளம்பரத்துக்குப் பாட்டைக் கொடுத்தார்கள். கிடைத்த பணத்தைப் பெருநிறுவனங்களைக் கண்காணிக்கும் கார்ப்வாட்ச் அமைப்புக்கும் இண்டிமீடியாவுக்கும் அளித்தார்கள். நைக்கி கேட்டபோது மறுத்தவர்களும் அவர்களே. யாருக்குக் கொடுப்பது, யாருக்கு மறுப்பது, பணத்தை என்ன செய்வது என்பதெல்லாம் அவர்கள் கையில் இருந்தன.

இசைக்கலைஞர் மோபியின் 'ப்ளே' தட்டு 1999இல் வந்தது. அதிலிருந்த 18 பாட்டுகளும் ஒன்று விடாமல் விளம்பரத்துக்கோ திரைப்படத்துக்கோ தொலைக்காட்சிக்கோ போயின. மெதுவாகத் தொடங்கிய தட்டு, அதன் பயனாகவே ஒரு கோடி பிரதிக்கும் மேல் போனது. விளம்பரத்தால் வாழ்ந்த பாட்டுக்கு இதைத்தான் எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். எனக்கோ அந்தத் தட்டில் வரும் ஒரு பெண்ணின் குரல்தான் காதில் நிற்கிறது. 'நேச்சுரல் ப்ளூஸ்' பாட்டின் உயிரே அந்தக் குரல். பாடியவர் அலபாமாவில் சமையல் வேலையும் துணி வெளுக்கும் வேலையும் செய்து வாழ்ந்த வீரா ஹால் என்ற கறுப்பினப் பெண். நாட்டார் பாடல்களைச் சேகரித்த ஆலன் லோமாக்ஸ் அவரைப் பாடச் சொல்லிப் பதிவு செய்தார். அவர் பாடியது கடவுளன்றி வேறு யாரும் அறியாத துன்பங்களைப் பற்றி. 1964இல் அவர் இறந்தார். 35 ஆண்டுகள் கழித்து அந்தத் துன்பம் நடன அரங்குகளுக்கும் தொலைக்காட்சித் திரைக்கும் போனபோது சம்மதமா என்று கேட்க அவர் இல்லை. மோபி அந்தக் குரலை மரியாதையோடுதான் எடுத்தார் என்று நம்புகிறேன். ஆனாலும் மோபி கொடுக்கலாமா என்று பக்கம் பக்கமாக விவாதித்தவர்கள் வீரா ஹால் கொடுத்திருப்பாரா என்று கேட்டது மிகக் குறைவு.

விளம்பரத்துக்கென்றே பிறக்கும் இசையை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஏ.ஆர். ரஹ்மான் 'ரோஜா'வுக்கு முன் நூற்றுக்கணக்கான ஜிங்கிள்கள் செய்தவர். லியோ காபி விளம்பரத்துக்கு விருது வாங்கிய விழாவில்தான் மணிரத்னத்தின் அறிமுகம் கிடைத்தது. அரை நிமிடத்துக்குள் ஒரு மெட்டைக் கேட்பவர் மனதில் பதிக்கும் அந்தப் பயிற்சி 1992இல் அவர் கொண்டுவந்த புது ஒலிக்கு அடித்தளம். பத்தாண்டு கழித்து ஏர்டெல்லுக்கு அவர் போட்ட மெட்டு கோடிக்கணக்கான செல்பேசிகளில் அழைப்பொலியானது. ஷ்யாம் பெனகல் படங்களுக்கு இசையமைத்த வன்ராஜ் பாட்டியா ஆயிரக்கணக்கில் ஜிங்கிள் செய்தவர். ஜாகிர் உசேன் தாஜ்மஹால் தேநீர் விளம்பரத்தில் தானே தபலாவோடு வந்து உட்கார்ந்தார். தன் முகம், தன் பெயர், தன் பொறுப்பு என்று அவர் முன்னால் நின்றார். இவற்றில் எதிலும் எனக்குக் குறை தெரியவில்லை. தச்சன் கடைக்கு மேசை செய்து கொடுப்பதும், வீட்டுத் தொட்டிலைக் கடையில் கொண்டுபோய்ப் போடுவதும் ஒன்றாகாது.

நம் ஊரில் பெரும்பாலான பாட்டு சினிமாப் பாட்டு. அதனால் கேள்வியே வேறு விதமாகிறது. தயாரிப்பாளர் கூலி கொடுத்துச் செய்வித்த இசைக்கு அவரே முதல் உரிமையாளர் என்று 1977இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கிலேயே நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் இசைஞர்களுக்கும் பாடுபவர்களுக்கும் சட்டம் இடம் தரவில்லையே என்று வருந்தித் தனியே ஒரு குறிப்பு எழுதினார். மாற்றம் வர 35 ஆண்டுகள் ஆயின. பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் போன்றோர் போராடியதன் பயனாக 2012இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. படம் திரையரங்கில் ஓடுவதைத் தவிர மற்ற பயன்பாடுகள் அனைத்திலும் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் சம பங்கு உண்டு. அதை எழுதிக் கொடுத்து இழக்கவும் முடியாது. மிக நல்ல திருத்தம். ஆனால் அது தருவது பணத்தில் பங்கு. வேண்டாம் என்று சொல்லும் அதிகாரத்தை அது தரவில்லை. ஒரு மசாலா விளம்பரத்துக்குப் பழைய பாட்டு வேண்டுமென்றால், பாட்டை வைத்திருக்கும் நிறுவனத்தைப் பார்த்தால் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் செய்தி தொலைக்காட்சி வழியாக வந்து சேரலாம்.

படைப்பைச் சிதைத்து, அதனால் படைப்பாளியின் மதிப்புக்கு ஊறு வந்தால் கேட்கும் உரிமை 57ஆம் பிரிவில் இருக்கிறது. உரிமையை விற்ற பிறகும் அது படைப்பாளியிடமே தங்கும். ஆனால் நீதிமன்றம் ஏற வேண்டும். ஊறு வந்ததென்று நிறுவ வேண்டும். இளையராஜா தன் பாடல்களுக்காகப் பல ஆண்டுகளாக வழக்காடுவதைப் பேராசை என்று எழுதுபவர்களைப் பார்க்கிறேன். எனக்கு உடன்பாடில்லை. 2024இல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' படம் 'குணா'வின் பாட்டைப் பயன்படுத்தியதற்கு அவர் நோட்டீஸ் அனுப்பினார். உரிமை வைத்திருந்த நிறுவனங்களிடம் முறையாக வாங்கினோம் என்றது படத்தரப்பு. பீட்டில்ஸ் வழக்கின் அதே வடிவம்தான். சட்டப்படி யார் சரி என்பதை நீதிபதிகள் சொல்லட்டும். தன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று படைத்தவர் நினைப்பதில் பிழை என்ன இருக்கிறது?

தமிழில் இந்தக் கேள்வியை நாம் ஒருமுறை பெரிதாகவே சந்தித்திருக்கிறோம். பாரதியார் பாடல்களை இசைத்தட்டிலும் படத்திலும் பயன்படுத்தும் உரிமை கைமாறிக் கைமாறி ஏவி.எம். செட்டியாரிடம் வந்து சேர்ந்தது. டி.கே.எஸ். சகோதரர்கள் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாட்டு ஒன்றைப் பயன்படுத்தியபோது தகராறு வந்தது. பாரதியை ஒருவர் சொந்தம் கொண்டாடுவதா என்று எழுத்தாளர்களும் அரசியல்வாதிகளும் கொதித்தார்கள். 1949இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அரசு பாரதி படைப்புகளை நாட்டுடைமையாக்கியது. செட்டியார் தன் உரிமையைப் பணம் வாங்காமலே விட்டுக்கொடுத்தார். ஆ. இரா. வேங்கடாசலபதி 'பாரதி: கவிஞனும் காப்புரிமையும்' நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். நாம் பெருமைப்படத்தக்க வரலாறு. ஆனாலும் எல்லோருக்கும் பொது என்றால் விளம்பரக்காரருக்கும் பொது. பொதுச்சொத்தான பாட்டுக்காக மறுப்புச் சொல்ல யாரும் இல்லை. பாடுபவரும் கேட்பவரும் காட்டும் கூச்சம்தான் வேலி.

இறந்தவர்களைப் போலவே, விற்றுவிட்டவர்களாலும் மறுக்க முடியாது. 2020 டிசம்பரில் பாப் டிலன் தன் பாடல்களின் வெளியீட்டு உரிமையை யுனிவர்சல் நிறுவனத்துக்கு விற்றார். அடுத்த ஆண்டு ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் தன்னுடையதை சோனிக்கு விற்றார். 'பார்ன் இன் த யுஎஸ்ஏ' பாட்டுக்குக் கிரைஸ்லர் 1980களில் கொடுக்க வந்த பெருந்தொகையைத் தொடாதவர் அவர். நீல் யங்கின் கதை இன்னும் கூர்மையானது. 1988இல் விளம்பரங்களுக்குப் பாடுவோரைச் சாடி ஒரு பாட்டே எழுதியவர். எம்டிவி அதன் காணொளியை முதலில் ஒளிபரப்ப மறுத்து, அடுத்த ஆண்டு அதற்கே சிறந்த காணொளி விருது கொடுத்தது. 2021இல் அவர் தன் பாடல்களில் பாதி உரிமையை ஹிப்னோசிஸ் நிதியத்துக்கு விற்றார். அவருடைய 'ஹார்ட் ஆஃப் கோல்ட்' ஒருநாளும் பர்கர் விளம்பரமாகாது என்று அதன் தலைவர் உறுதி சொன்னார். 2024இல் அந்த நிதியத்தையே பிளாக்ஸ்டோன் முதலீட்டு நிறுவனம் வாங்கியது. உறுதி சொன்னவர் இன்று அந்தப் பொறுப்பில் இல்லை. அவருடைய நேர்மையை நான் சந்தேகிக்கவில்லை. பாட்டின் ஆயுள் நீளம்; ஒரு மனிதர் பதவியில் இருக்கும் காலம் குறைவு.

ஆகவே இளம் கலைஞர் யாராவது என்னிடம் கேட்டால், கொடுக்காதே என்று சொல்ல மாட்டேன். பசிக்கிறதென்றால் கொடு, எந்தப் பொருளுக்கு என்று பார்த்துக் கொடு, ஊர் தன் துக்கத்துக்கும் போராட்டத்துக்கும் எடுத்துக்கொண்ட பாட்டு ஒன்றிருந்தால் அதை மட்டும் வைத்துக்கொள். ஒப்பந்தத்தில், ஒவ்வொரு முறையும் உன் எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும் என்ற ஒரு வரி இல்லாமல் கையெழுத்துப் போடாதே. அந்த வரிக்காகப் பணம் குறைந்தால் குறையட்டும்.

பீஸ்டி பாய்ஸ் குழுவின் ஆடம் யாக் 2012 மே மாதம் புற்றுநோயால் இறந்தார். தன் பெயரையோ உருவத்தையோ இறப்புக்குப் பின் விளம்பரத்தில் பயன்படுத்தக் கூடாது என்று உயிலில் எழுதியிருந்தார். தட்டச்சு செய்த அந்தப் பத்தியில், தான் படைத்த இசையும் அப்படியே என்று சொல்லும் சில சொற்களைக் கையால் சேர்த்திருந்தார். கூட்டாகப் படைத்த பாடல்களை ஒருவருடைய உயில் கட்டுப்படுத்துமா என்று வழக்கறிஞர்கள் ஐயம் எழுப்பினார்கள். அவர் இறந்த சில நாட்களில் மான்ஸ்டர் பானத்தின் விளம்பரக் காணொளி ஒன்று அவர்களுடைய பாட்டுகளோடு இணையத்தில் ஏறியது. குழுவில் மிஞ்சிய இருவரும் வழக்குத் தொடர்ந்து, நீதிமன்றத்துக்கு நேரில் வந்து, சாட்சிக் கூண்டில் அமர்ந்து, விளம்பரத்துக்கு நாங்கள் பாட்டைக் கொடுப்பதில்லை என்று சொன்னார்கள். 2014இல் 17 லட்சம் டாலர் அளித்துத் தீர்ப்பு வந்தது.